சேவைத் துறையில் தமிழ்நாடு தெற்கில் பின்தங்கியிருக்கிறதா? எதை வைத்து அளப்பது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "தமிழ்நாட்டு உற்பத்தி மதிப்பில் சேவைத் துறையின் பங்கு சுமார் 53 விழுக்காடு. கர்நாடகத்தில் 66, தெலங்கானாவில் 65, கேரளத்தில் 63. அப்படியானால் சேவைத் துறையில் நாம் தென் மாநிலங்களில் பின்தங்கிவிட்டோமா? ஒரு மாநிலத்தை அதன் சுற்று வட்டாரத்தோடு எப்படித்தான் ஒப்பிடுவது?"

எண்கள் ஏறக்குறைய சரிதான். ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கும். ஆனால் அவற்றிலிருந்து நேராக அந்த முடிவுக்குப் போக முடியாது. தமிழ்நாட்டுக்கும் பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களைக் கொண்ட மாநிலங்களுக்கும் இடையே சேவைத் துறையில் இடைவெளி இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு, எதில் என்பதை இந்த விழுக்காடு சொல்லாது. நான் மாநிலக் கணக்குகளோடு பல வருடமாகப் புழங்குகிறவன். இந்த ஒரு விழுக்காட்டை வைத்துக்கொண்டு மேடையிலும் தொலைக்காட்சியிலும் சண்டை நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உண்மையிலேயே மனசு கஷ்டப்படும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். மேலே சேவைத் துறையின் மதிப்பு, கீழே மாநிலத்தின் மொத்த மதிப்பு. கீழே இருப்பது பெரிதானால் பங்கு சுருங்கும். ஸ்ரீபெரும்புதூரில் கார், செல்போன் ஆலைகள், திருப்பூரில் பின்னலாடை, கோவையில் பம்பு, ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் என்று தமிழ்நாட்டில் ஆலைத் தொழில் கனமாக இருக்கிறது. நாளைக்கே ஒரு பெரிய கார் ஆலை கூடுதலாக வந்தால் சேவைத் துறையின் பங்கு குறையும். அதனால் ஒரு டீக்கடையோ ஒரு ஐ.டி. கம்பெனியோ மூடியிருக்காது. இந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பெரிய ஆலைகள் குறைவு, விவசாயத்தின் பங்கும் சுருங்கிவிட்டது. சேவைத் துறைக்கு 63 வருவதில் மற்ற இரண்டும் சிறியவை என்பதற்கும் பங்கு உண்டு. ஆந்திரத்தில் இதற்கு நேர்மாறு. 2014 ஜூன் 2இல் தெலங்கானா பிரிந்தபோது ஹைதராபாத் அந்தப் பக்கம் போய்விட்டது. நெல், இறால், மீன், பழத்தோட்டம் எல்லாம் இந்தப் பக்கம் நின்றன. சேவைத் துறையின் பங்கு இன்று அங்கே 42 அளவில்தான். ஒரு கோடு போட்டு மாநிலத்தைப் பிரித்ததாலேயே இரண்டு பங்குகள் மாறிப்போயின.

இன்னொன்றும் உண்டு. ஒரு ஆலை தன் தொழிலாளர்களை அழைத்துவர சொந்தமாகப் பஸ் வாங்கி, டிரைவரைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தால் அந்த வேலை தொழில் துறைக் கணக்கில் போகும். அதே பஸ்ஸையும் டிரைவரையும் ஒரு டிராவல்ஸ்காரரிடம் கான்ட்ராக்ட் விட்டால் சேவைத் துறைக்கு மாறிவிடும். கேன்டீன், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஓடுவது அதே பஸ், அதே ரோடு. சேவைத் துறை வளர்ச்சியில் ஒரு பகுதி இப்படிக் கணக்குத் தலைப்பு மாறியதால் வந்தது.

சரி, பங்கை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது தலைக்கு எவ்வளவு என்பதை. ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 2023-24இல் நடப்பு விலையில், அதாவது அந்த ஆண்டு விலையிலேயே, மாநில மொத்த உற்பத்தி, லட்சம் கோடி ரூபாயில்: தமிழ்நாடு சுமார் 27, கர்நாடகம் 26, தெலங்கானா 15, ஆந்திரம் 14, கேரளம் 11.5. மக்கள்தொகை, மதிப்பீடாக, கோடியில்: தமிழ்நாடு 7.7, கர்நாடகம் 6.8, தெலங்கானா 3.8, ஆந்திரம் 5.3, கேரளம் 3.6. உற்பத்தியைச் சேவைப் பங்கால் பெருக்கி, ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்குச் சேவை மதிப்பு வரும். தமிழ்நாட்டுக்கு சுமார் 1.86 லட்சம் ரூபாய். கர்நாடகத்துக்கும் தெலங்கானாவுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு, 2.5 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். கேரளம் 2 லட்சம். ஆந்திரம் 1.1 லட்சம். துல்லியமாகப் போட வேண்டுமென்றால் உற்பத்தியிலிருந்து பொருள்கள் மீதான வரியைக் கழித்து மதிப்புக் கூட்டலை (விற்ற தொகையில், வெளியே வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதை) எடுக்க வேண்டும். எல்லா மாநிலத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் குறையும் என்பதால் ஒப்பீடு பெரிதாக மாறாது.

இப்போது படம் வேறு மாதிரி தெரிகிறது அல்லவா? பங்கில் கேரளம் நம்மைவிடப் பத்துப் புள்ளி மேலே. தலைக்கணக்கில் ஏழெட்டு விழுக்காடுதான் வித்தியாசம். கர்நாடகம், தெலங்கானாவோடு இருக்கும் இடைவெளி மட்டும் உண்மையாகவே பெரியது. நம் அளவு அவர்களுடையதில் முக்கால் பங்கு. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

அடுத்தது 'வட்டாரம்' எது என்பது. பலர் தென் மாநிலங்களின் சராசரியைப் போட்டு அதனோடு தமிழ்நாட்டை ஒப்பிடுவார்கள். அந்தச் சராசரிக்குள் தமிழ்நாடே இருக்கிறது, அதுவும் ஐந்து மாநில மொத்தத்தில் 29 விழுக்காடு எடையோடு. தன் எடையையே தராசின் மறுதட்டிலும் வைத்து நிறுப்பது போன்றது அது. வித்தியாசம் எப்போதும் குறைவாகவே தெரியும். நம்மை எடுத்துவிட்டு மீதி நான்கு மாநிலங்களை மட்டும் கூட்டி ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் மீதித் தெற்கின் தலைக்கணக்கு 2.05 லட்சம் வருகிறது, நாம் அதில் 90 விழுக்காடு. ஆந்திரத்தையும் எடுத்துவிட்டு மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் 77 விழுக்காடாக இறங்கிவிடுகிறோம். ஒரே ஆண்டு, ஒரே எண்கள். எந்த மாநிலத்தைச் சேர்த்தோம் என்பதை மாற்றியதற்கே பதின்மூன்று புள்ளி ஆடுகிறது. அதனால் யாராவது 'தென்னிந்திய சராசரி' என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, அதில் யார் யார் என்பதைத்தான். புதுச்சேரி உண்டா? 2014க்கு முந்தைய வரிசையில் ஆந்திரம் என்றால் எந்த ஆந்திரம்? 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த தென் மண்டலக் குழுவை அப்படியே வட்டாரமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிர்வாகத்துக்காக வரைந்த எல்லை அது. பெங்களூருக்குப் போட்டி ஆந்திரம் அல்ல, புனேவும் குருகிராமும்தான். ஐ.டி.யை மட்டும் அளக்கிறவர் மகாராஷ்டிரத்தையும் சேர்த்துக்கொள்வது நியாயம்.

இனி சேவைத் துறை என்ற கூடைக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. பல பேருக்குத் தெரியாததும் இதுதான்.

தஞ்சாவூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சொந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று வையுங்கள். யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை, யாரிடமும் வாங்குவதும் இல்லை. ஆனால் தேசியக் கணக்கில், அவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாக ஒரு தொகை போடப்படும். அது சேவைத் துறையில் சேரும். 2011-12ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது விலைகளை ஒப்பிடுவதற்கான ஆண்டாக, வைத்த வரிசையில் அந்தத் தலைப்பின் பெயர் 'நிலச்சொத்து, வீட்டு உடைமை, தொழில்முறைச் சேவைகள்'. அந்த ஆசிரியரின் வீடும் பெங்களூரில் மென்பொருள் எழுதும் கம்பெனியும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. அதனால் அந்தத் தலைப்பு வளர்ந்தது என்று ஒரு அறிக்கை சொன்னால் வளர்ந்தது கம்பெனியா வாடகையா என்று உள்ளே போய்ப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

அரசு ஊழியர் சம்பளமும் சேவைத் துறைதான். பொது நிர்வாகம் என்ற தலைப்பில் வரும். அரசுச் சேவைக்குச் சந்தை விலை கிடையாது, எனவே அதற்கான செலவையே மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளக் கமிஷன் பரிந்துரை அமலாகும் ஆண்டில் நடப்பு விலையில் இந்தத் தலைப்பு ஒரே தாவாகத் தாவும். தாலுகா ஆபீஸில் அன்றைக்கும் அதே வரிசைதான் நிற்கும். பக்கத்து மாநிலம் அதே பரிந்துரையை ஓராண்டு தள்ளி அமல்படுத்தினால், அந்த ஓராண்டு நாம் முந்தியது போலவும் அடுத்த ஆண்டு அவர்கள் முந்தியது போலவும் தெரியும்.

அப்புறம், மாநிலத்துக்குள் அளக்கவே முடியாத சில சேவைகள் உண்டு. ரயில்வே, தகவல் தொடர்பு, வங்கியும் இன்சூரன்ஸும், மத்திய அரசின் நிர்வாகம். இவற்றை நாடு முழுவதற்கும் மொத்தமாகக் கணக்கிட்டு, ஏதாவது ஒரு குறியீட்டை வைத்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வங்கிக்கு அந்தக் குறியீடு வைப்புத்தொகையும் கடனும். கேரளத்தில் வளைகுடாப் பணம் வைப்பாகக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் வங்கிகள் கொடுத்த கடன் வைப்புத்தொகையையே தாண்டி நிற்கிறது. இரண்டையும் கூட்டிப் பிரிக்கும்போது வரும் எண் ஒரு பங்கீடுதான். திருச்சூர் வங்கிக் கிளையும் கரூர் வங்கிக் கிளையும் எவ்வளவு திறமையாக வேலை செய்தன என்பதை அது அளக்கவில்லை. வங்கித் துறையில் அண்டை மாநிலத்தைவிட அரைப் புள்ளி முன்னே போய்விட்டோம் என்று யாராவது சொன்னால் நான் அமைதியாகக் கேட்டுக்கொள்வேன், ஆனால் குறித்துக்கொள்ள மாட்டேன்.

கம்பெனிகளுக்கும் இதே சிக்கல். ஆலைகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தொழிற்சாலை ஆய்வு இருக்கிறது. எந்த ஆலை எந்த மாநிலத்தில் எவ்வளவு உற்பத்தி செய்தது என்பது அதில் வந்துவிடும். பதிவுபெற்ற சேவை நிறுவனங்களுக்கு அப்படியொரு ஆண்டு ஆய்வு நெடுங்காலம் இல்லாமலே போயிற்று. கம்பெனி தாக்கல் செய்யும் கணக்கு, கம்பெனி முழுவதற்குமானது. பெங்களூரில் தலைமை அலுவலகம், சோழிங்கநல்லூரில் ஐயாயிரம் பேர், கோவையில் ஆயிரம் பேர் என்று இருந்தால் அந்த மதிப்பை மூன்று இடத்துக்கும் சரியாகப் பிரிக்கத் தேவையான தகவல் அந்தக் கணக்கில் இருக்காது. ஏதோ ஒரு விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் சேவை நிறுவனங்களுக்கென்று தனி ஆய்வைக் கொண்டுவர முனைந்தது. அது நிலைபெற்றால் மாநில ஒப்பீட்டில் இதுவரை கிடைக்காத தெளிவு கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எல்லையோர ஊர்களுக்குப் போனால் இந்தக் கணக்கின் இன்னொரு முகம் தெரியும். காலையில் ஓசூர் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் லேப்டாப் பையுமாக ஒரு கூட்டம் அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கிளம்பும். வீடு தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், பிள்ளைகள் படிப்பது தமிழ்நாட்டில். ஆனால் அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரி மென்பொருளும் கர்நாடகத்தின் சேவைத் துறையில் சேரும். ஏனென்றால் மாநில உற்பத்திக் கணக்கு மதிப்பு எங்கே உருவாகிறது என்பதைத்தான் பார்க்கும், வருமானம் யார் வீட்டுக்குப் போகிறது என்பதைப் பார்க்காது. சாயங்காலம் அவர் ஓசூரில் வாங்கும் காய்கறியும் பிள்ளைக்குக் கட்டும் டியூஷன் பணமும் நம் கணக்கில் வந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாலக்காட்டுக்காரர்கள் அறுவை சிகிச்சைக்குக் கோவைக்கு வருகிறார்கள். வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் லாட்ஜ் பலகையில் வங்காள எழுத்து, மெஸ்ஸில் வங்காளிச் சமையல், மருந்துக் கடையில் வங்காளம் பேசும் பையன். அறை வாடகை, ஆட்டோ, சாப்பாடு, ஸ்கேன் என்று எல்லாமே தமிழ்நாடு வெளியாட்களுக்கு விற்ற சேவை, அதாவது ஏற்றுமதி. ஆனால் எந்த ஏற்றுமதிப் பட்டியலிலும் வேலூர் லாட்ஜ் அறை இருக்காது. பொருள் ஏற்றுமதிக்கு மாநில வாரிக் கணக்கு இருக்கிறது. சேவை ஏற்றுமதிக்கு நாட்டு மொத்தம்தான் வருகிறது. 2023-24இல் அது 34,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் எந்த மாநிலம் எவ்வளவு என்று அதிகாரபூர்வமாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு இல்லை.

அந்த இடத்தை நிரப்ப மாநில அரசுகள் ஐ.டி. ஏற்றுமதி எண்ணைச் சொல்கின்றன. தெலங்கானா 2023-24க்கு சுமார் 2.7 லட்சம் கோடி ரூபாய் சொன்னது. பெரிய தொகைதான், ஹைதராபாத்தின் வளர்ச்சியும் உண்மைதான். ஆனால் சிலர் இதை மாநில உற்பத்தியான 15 லட்சம் கோடியால் வகுத்து, ஐ.டி. மட்டும் 18 விழுக்காடு என்று எழுதிவிடுகிறார்கள். ஏற்றுமதி என்பது விற்றுமுதல், உற்பத்தி என்பது மதிப்புக் கூட்டல். கடையில் நாள் வசூலையும் நாள் லாபத்தையும் குழப்பிக்கொள்வது மாதிரி இது.

ஜி.எஸ்.டி. வசூலை வைத்து ஒப்பிடுகிறவர்களும் உண்டு. மாதாமாதம் வருகிறது, சூடாக இருக்கிறது, அதனால் செய்திகளில் நிறைய இடம் பிடிக்கிறது. ஆனால் ஜி.எஸ்.டி. என்பது நுகரும் இடத்துக்குப் போகும் வரி. ஏற்றுமதிக்கு வரி சுழியம். ஆகவே மென்பொருள் ஏற்றுமதி எவ்வளவு பெருகினாலும் அது நேரடியாக அந்த வசூலில் தெரியாது. போதாக்குறைக்குப் பொருள் மீதான வரியும் சேவை மீதான வரியும் சேர்ந்தே கிடக்கும். வாங்கும் சக்தியை அறிய அது உதவும். சேவைத் துறையின் உற்பத்தியை அளக்க உதவாது.

சுற்றுலா எண்ணிக்கை இன்னும் மோசமாக ஏமாற்றும். 2023இல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுப் பயணிகளின் வருகை 28 கோடிக்கும் மேல் என்று பதிவாகியிருக்கிறது. கேரளத்துக்கு சுமார் 2.2 கோடி. பதின்மூன்று மடங்கு! ஆனால் இது வருகைகளின் எண்ணிக்கை, தங்கிய இரவுகளும் செலவழித்த பணமும் இதில் வராது. பழநிக்கோ திருவண்ணாமலை கிரிவலத்துக்கோ ராத்திரி பஸ் ஏறி, கட்டுச்சோறு சாப்பிட்டு, மறுநாள் காலை வீடு திரும்புகிறவரும் ஒரு வருகை. ஆலப்புழையில் மூன்று நாள் படகு வீட்டில் தங்குகிறவரும் ஒரு வருகை. அந்தப் பக்தர் வந்ததால் ஊர் பிழைக்கிறது, பூக்கடையும் தேங்காய்க்கடையும் ஓடுகின்றன, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டி எந்த மாநிலத்தின் சுற்றுலாத் துறை பெரியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

கேரளத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பும் பணம் மாநில உற்பத்தியில் சேராது, அது உருவான இடம் துபாய் அல்லது ரியாத். ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி இந்தியாவுக்கு வந்த பணத்தில் கேரளத்தின் பங்கு 19.7 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 10.4. ஆள் எண்ணிக்கையில் நம்மில் பாதிகூட இல்லாத மாநிலம் நம்மைப்போல இரு மடங்கு வாங்குகிறது. அந்தப் பணம் மலப்புரத்தில் நகைக்கடையாக, துணிக்கடையாக, பல் ஆஸ்பத்திரியாக, ஆங்கிலப் பள்ளியாக மாறும்போதுதான் சேவைத் துறைக் கணக்குக்குள் வருகிறது. கேரளத்தின் சேவைத் துறை வெளியிலிருந்து வரும் பணத்தால் இழுக்கப்படுகிறது, கர்நாடகத்தினுடையது வெளியே விற்பதால் வளர்கிறது. நம்முடையது பெரும்பாலும் ஆலையோடும் சந்தையோடும் ஒட்டியது: லாரி, கிடங்கு, துறைமுகம், மொத்த வியாபாரம், கல்லூரி, மருத்துவமனை. இந்த மூன்றையும் ஒரே விழுக்காட்டில் அடக்கினால் மிஞ்சுவது சண்டைதான்.

வளர்ச்சி வேகத்தை ஒப்பிடும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தொடங்கும் ஆண்டு. 2020-21இல் கேரளம் பெரிய சரிவைக் கண்டது. ஹோட்டலும் விமானமும் நின்றுபோனால் அந்த மாநிலத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு அந்த ஆண்டு ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. அந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கினால் கேரளம் பறப்பது போலத் தெரியும். 2019-20இலிருந்து தொடங்குங்கள். இரண்டு, நிலை விலையை, அதாவது விலையேற்றத்தை நீக்கி அடிப்படை ஆண்டு விலையில் போட்ட கணக்கைப் பாருங்கள். நடப்பு விலையில் வாடகை ஏற்றமும் கட்டண ஏற்றமும் வளர்ச்சி போல வேஷம் போடும். அடிப்படை ஆண்டு மாறும் காலத்தில் பழைய வரிசையின் ஓர் ஆண்டையும் புதிய வரிசையின் ஓர் ஆண்டையும் ஒட்டவைத்துக் கணக்குப் போடவே கூடாது.

இதற்கு அடுத்த படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வளர்ச்சியில் எவ்வளவு கலவையால் வந்தது, எவ்வளவு சொந்த ஓட்டத்தால் வந்தது என்று பிரிப்பது. கற்பனையாக ஒரு எடுத்துக்காட்டு. வட்டாரத்தில் ஐ.டி. 12 விழுக்காடு வளர்ந்தது, வியாபாரமும் ஹோட்டலும் 6 விழுக்காடு. வட்டாரத்தின் சேவைத் துறையில் இரண்டும் பாதிப் பாதி என்றால் மொத்த வளர்ச்சி 9. நம் மாநிலத்தில் ஐ.டி. 30 பங்கு, வியாபாரம் 70 பங்கு. நம் வளர்ச்சி 8.5. அரைப் புள்ளி பின்தங்கிவிட்டோம் என்று தலைப்பு வரும். ஆனால் நம் கலவையில், ஒவ்வொன்றும் வட்டார வேகத்திலேயே வளர்ந்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்க வேண்டியது 7.8தான். கிடைத்தது 8.5. அதாவது கலவையால் 1.2 புள்ளி இழந்தோம், சொந்த ஓட்டத்தால் 0.7 புள்ளி ஈட்டினோம். பிரச்சினை நம் கடைக்காரரும் லாரிக்காரரும் சரியாக உழைக்காததில் இல்லை, வேகமாக வளரும் தொழில் நம்மிடம் குறைவாக இருப்பதில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறந்தது கலவையை மாற்றுவதற்கான வேலை. 2024இல் விழுப்புரத்திலும் தஞ்சையிலும் சேலத்திலும் சிறிய டைடல் பூங்காக்கள் திறந்ததும் அதே வகை. இருக்கிற வியாபாரத்துக்குக் கடன் கிடைக்கச் செய்வது, ரோடு போடுவது எல்லாம் சொந்த ஓட்டத்துக்கான வேலை.

மாதாமாதம் நாடி பார்க்க வழி உண்டா என்றால், அமெரிக்காவில் உண்டு. அங்கே மத்திய வங்கி பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. ரிச்மண்ட் வங்கியின் வட்டாரத்தில் மேரிலாந்து, வர்ஜீனியா, இரு கரோலினாக்கள், மேற்கு வர்ஜீனியாவின் பெரும்பகுதி, தலைநகர் வாஷிங்டன் எல்லாம் வரும். டல்லாஸ் வங்கி டெக்சாஸின் சேவை நிறுவனங்களுக்கென்றே தனி ஆய்வு நடத்துகிறது. கேள்வி எளிது: போன மாதத்தைவிட வருமானம் கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா? நூறு பேரில் 38 பேர் கூடியது என்றும் 20 பேர் குறைந்தது என்றும் சொன்னால் குறியீடு 18. மாநிலத்துக்கு 18, வட்டாரத்துக்கு 10 என்று வந்தால் மாநிலத்தில் ஏற்றம் அதிகப் பேருக்குப் பரவியிருக்கிறது என்றுதான் பொருள். அதிக வேகத்தில் வளர்ந்தது என்று பொருள் இல்லை. ஒரு மாநிலத்தில் பதில் சொல்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் ஒரு மாதத்து எண்ணை நம்பாமல் மூன்று மாத சராசரியைப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் சேவைத் துறைக்கு, நிறுவனங்களிடம் இதே மாதிரி கேட்டு எடுக்கும் பி.எம்.ஐ. என்ற குறியீடு மாதந்தோறும் வருகிறது, 50க்கு மேல் என்றால் ஏற்றம். ஆனால் அது நாடு முழுவதற்கும் ஒன்று, மாநிலத்துக்குப் பிரிவு கிடையாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் தனித்தனியாக அப்படியொன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மேலே சொன்ன எல்லாவற்றையும் தாண்டி ஒரு பெரிய பகுதி மிச்சம் இருக்கிறது: பதிவு பெறாத சிறு கடைகள். ஆண்டுதோறும் இவற்றுக்கு ஒரு மாதிரி ஆய்வு நடக்கிறது. ஒருமுறை அந்த ஆய்வுக்குப் போன களப்பணியாளர் ஒருவரோடு மதுரையில் கூடவே போயிருந்தேன். கோர்ட்டுக்கு எதிரே பத்துக்கு எட்டு அடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ரயில் டிக்கெட், மின்கட்டணம், ஆதார் திருத்தத்துக்கு விண்ணப்பம், ஓரமாக ஒரு ஐஸ்க்ரீம் பெட்டி. நடத்துவது கணவன் மனைவி. "மாச வருமானம் எவ்வளவுண்ணே?" என்று கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே, "டெய்லி வர்றது டெய்லி போயிரும் சார். நீங்களே ஒரு நம்பர் போட்டுக்கங்க" என்றார். களப்பணியாளர் அப்படிப் போட்டுக்கொள்ளவில்லை. பேப்பர் ரீம் மாதம் எத்தனை வாங்குவீர்கள், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு, டோனர் எத்தனை நாளுக்கு ஒன்று, கரன்ட் பில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முக்கால் மணி நேரத்தில் ஒரு தொகைக்கு வந்தார். அந்த அக்கா நடுநடுவே, "இல்லண்ணே, வக்கீல் ஆபீஸ் பாக்கியையும் சேத்துக்கங்க" என்று திருத்திக்கொண்டே இருந்தார். மாநிலக் கணக்கில் சேவைத் துறை என்று வரும் எண்ணின் அடியில் இப்படிப்பட்ட முக்கால் மணி நேரங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அதனால்தான் ஒரு புள்ளி, அரைப் புள்ளி வித்தியாசத்தில் வெற்றி தோல்வி பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது இது. புள்ளியியல் அமைச்சகத்தின் மாநில உற்பத்தி அட்டவணையை நிலை விலையில் எடுங்கள். வீட்டு உடைமையையும் பொது நிர்வாகத்தையும் தனியே வையுங்கள். வீட்டு உடைமை தனியாகக் கிடைக்காத இடத்தில் அந்தத் தலைப்பு முழுவதையும் தனியே வைத்து, சேர்த்து ஒரு தடவையும் சேர்க்காமல் ஒரு தடவையும் கணக்குப் போடுங்கள். மிச்சத்தைத் தலைப்பு வாரியாக, தலைக்கணக்கில், தமிழ்நாடு நீங்கலான தெற்கோடு ஒப்பிடுங்கள். ஆந்திரம் உள்ளே, ஆந்திரம் வெளியே என இரண்டு வரிசை போடுங்கள். பக்கத்திலேயே தொழிலாளர் ஆய்விலிருந்து சேவைத் துறையில் வேலை செய்கிறவர்கள் எத்தனை விழுக்காடு என்பதையும் எழுதுங்கள். நாடு முழுவதும் பார்த்தால் மதிப்பில் பாதிக்கு மேல் தரும் இந்தத் துறை வேலையில் சுமார் 30 விழுக்காடுதான் தருகிறது. தெற்கில் அந்த இரண்டு எண்களும் எந்த மாநிலத்தில் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். கர்நாடக மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெங்களூரு நகர மாவட்டம் ஒன்றிலிருந்தே வருகிறது. ஆகவே முடிந்தால் மாவட்டக் கணக்குக்கும் இறங்குங்கள். பெங்களூரை எடுத்துவிட்ட கர்நாடகத்தையும் சென்னையை எடுத்துவிட்ட தமிழ்நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய அடுத்த கேள்வி உங்களுக்கே வந்துவிடும். அட்டவணையைப் போட்டதும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.